அட்டையும் அடுப்பும்: ஆக்கிரமிப்புக் காலத்துப் பிரெஞ்சு வீடுகள்

ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் பிரான்சில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் எழுத்து இருந்தது. 3 வயது நிரம்பாத குழந்தை ‘ஈ’. 3 முதல் 6 வரை ‘ஜே1’, 6 முதல் 13 வரை ‘ஜே2’, அதற்கு மேல் 21 வரை ‘ஜே3’. பெரியவர்கள் ‘ஏ’, கடும் உடலுழைப்பு செய்வோர் ‘டி’, உழவுத்தொழிலில் இருப்போர் ‘சி’, 70 வயதைத் தாண்டியவர்கள் ‘வி’. பங்கீட்டு அட்டையில் அச்சிட்ட அந்த எழுத்துதான் ஒருவருக்கு எவ்வளவு ரொட்டி, எவ்வளவு பால், எவ்வளவு சர்க்கரை என்பதை முடிவு செய்தது. ‘ஜே3’ என்ற பெயர் ஒரு தலைமுறைக்கே ஒட்டிக்கொண்டது. ரோஜே ஃபெர்தினான் 1943-இல் எழுதிய நாடகத்தின் தலைப்பே ‘ஜே3கள்’. போர் முடிந்த பிறகும் அடங்காத பதின்வயதினரைப் பத்திரிகைகள் அந்தப் பெயராலேயே குறிப்பிட்டன.

1940 ஜூன் 22-இல் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தான மூன்றே மாதத்தில் ரொட்டியும் இறைச்சியும் அட்டைக்குள் வந்துவிட்டன. அந்த இலையுதிர் காலத்தில் சாதாரணப் பெரியவருக்கு நாளொன்றுக்கு 350 கிராம் ரொட்டி என்று விதித்தார்கள். அடுத்த ஆண்டே அது 275 கிராம் ஆனது. வாரத்துக்கு 360 கிராம் என்று தொடங்கிய இறைச்சி அளவும் ஆண்டுக்காண்டு சுருங்கியது. அட்டையில் உள்ளதை முழுவதும் வாங்க முடிந்தாலும் ஒரு பெரியவருக்கு நாளுக்கு ஏறத்தாழ 1,200 கலோரிதான் தேறும். அது உடம்பின் தேவையில் பாதி. அதையும் முழுவதும் வாங்க முடிந்த வாரங்கள் குறைவு. கூப்பன் கையில் இருக்கும், கடையில் சரக்கு இருக்காது.

ஐரோப்பாவிலேயே செழிப்பான வேளாண் நாடுகளில் ஒன்று இப்படிப் பட்டினி கிடந்ததற்குக் காரணம் விளைச்சல் குறைந்தது மட்டும் இல்லை. ஆக்கிரமிப்புப் படையின் செலவு என்ற பெயரில் ஜெர்மனி நாளொன்றுக்கு 2 கோடி மார்க் கேட்டது. 1 மார்க்குக்கு 20 பிராங்க் என்று தனக்குச் சாதகமாக மாற்று விகிதத்தையும் அதுவே விதித்தது. ஆக, நாளுக்கு 40 கோடி பிராங்க். அந்தப் பணத்தைக் கொண்டே ஜெர்மானிய அதிகாரிகள் பிரான்சின் கோதுமையையும் இறைச்சியையும் மதுவையும் ‘விலைக்கு’ வாங்கினார்கள். பறிகொடுத்தவரின் பணத்திலேயே பொருளை வாங்குவதைக் கொள்முதல் என்று கணக்கில் எழுத முடிந்தது அந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம். இன்னொரு பக்கம், 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் போர்க்கைதிகள் ஜெர்மனிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பலர் உழவர்கள். வயலில் பெண்களும் முதியவர்களும் சிறுவர்களும் எஞ்சினார்கள். குதிரைகள் பறிபோயின, பெட்ரோல் கிடைக்கவில்லை. கடல் முற்றுகையால் காலனி நாடுகளிலிருந்து வந்த கடலை எண்ணெயும் காப்பிக்கொட்டையும் குறைந்தன. 1942 நவம்பரில் நேச நாட்டுப் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கியதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த பழமும் எண்ணெயும் நின்றே போயின. அதே மாதம் 11-ஆம் தேதி ஜெர்மானியர்கள் அதுவரை ஆக்கிரமிக்காதிருந்த தெற்கு மண்டலத்துக்குள்ளும் நுழைந்தார்கள்.

இந்தப் பஞ்சத்தைச் சமாளிக்கும் பொறுப்பு அடுப்படிக்கு வந்து சேர்ந்தது. உருளைக்கிழங்கை ஜெர்மானியர்கள் அள்ளிக்கொண்டு போனதால், அதுவரை மாட்டுத் தீவனமாக இருந்த ருத்தபகா என்ற மஞ்சள் கிழங்கும் தோப்பினாம்பூர் கிழங்கும் மனிதர்களின் தட்டுக்கு வந்தன. இரண்டையும் வேகவைக்கும்போது எழும் வாடையே பசியை அடக்கிவிடும் என்று அக்காலத்தவர் சொல்வார்கள். ஆனால் பசி அடங்கவில்லை. சிக்கரி வேர், வறுத்த பார்லி, ஓக் மரத்துக் கொட்டை ஆகியவற்றை இடித்து ‘தேசியக் காப்பி’ ஆக்கினார்கள். சர்க்கரைக்குப் பதில் சாக்கரின் வந்தது. திராட்சைச் சாற்றைச் சுண்டக் காய்ச்சிய பாகும் பயன்பட்டது. திராட்சை விதையிலிருந்து எண்ணெய் எடுத்தார்கள். நிலக்கரியும் எரிவாயுவும் தட்டுப்பாடாக இருந்ததால் ‘நார்வேப் பானை’ வீட்டுக்கு வீடு பரவியது. வைக்கோலோ செய்தித்தாளோ திணித்த மரப்பெட்டி அது. அடுப்பில் ஒரு கொதி வந்ததும் பானையை இறக்கி அதற்குள் மூடி வைத்துவிட்டால், மீதி வேக்காடு சேமித்த சூட்டிலேயே முடியும்.

வானொலிச் சமையல் நிகழ்ச்சிகளால் புகழ்பெற்றிருந்த மருத்துவர் எதுவார் தெ பொமியான் 1940-லேயே ‘சமையலும் கட்டுப்பாடுகளும்’ என்ற நூலை வெளியிட்டார். பாஸ்டர் நிறுவனத்தில் ஆய்வு செய்தவர் என்பதால், இருப்பதைக் கொண்டு சத்துக் குறையாமல் உண்பது எப்படி என்று அறிவியல் பேசியே விளக்க அவரால் முடிந்தது. ஜெர்மனியோடு ஒத்துழைத்த மார்ஷல் பெத்தானின் விஷி அரசுக்கு வேறொரு நோக்கம் இருந்தது. பெண்ணின் இடம் வீடு என்பது அதன் கொள்கை. 1942 மார்ச்சில் பள்ளிப் பெண்களுக்கு மனையியல் பாடத்தைச் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கியது. சமைக்க ஒன்றும் இல்லாத காலத்தில் சமையல் கட்டாயப் பாடமானது ஒரு வேடிக்கைதான். ஆனால் அந்தப் பாட வேளையில் மாணவிகள் எழுதிய நோட்டுகள் பல குடும்பங்களில் அழியாமல் நின்றன.

நகரத்துப் பசியும் கிராமத்துப் பசியும் ஒன்றாக இருக்கவில்லை. பால்மாடும் கோழியும் தோட்டமும் வைத்திருந்த உழவர் வீட்டில் வயிறு பெரிதாகக் காயவில்லை. பாரிஸ், மார்சேய், லியோன் போன்ற இடங்களில் மாடி முகப்பில் முயல் வளர்த்தார்கள். பூனையை அடித்துக் குழம்பு வைக்க வேண்டாம் என்று செய்தித்தாள்கள் எச்சரித்தன. எலி தின்ற பூனையால் நோய் வரும் என்பது சொல்லப்பட்ட காரணம். கிராமத்தில் உறவினர் உள்ளவர் பிழைத்தார், இல்லாதவர் திண்டாடினார். பாட்டன் காலத்திலேயே ஊரைவிட்டு வந்த நகரவாசிகள்கூட மறந்துபோன ஒன்றுவிட்ட சித்தப்பாக்களைத் தேடிக் கடிதம் எழுதினார்கள். 1941 அக்டோபரில் அரசு ‘குடும்பப் பொதி’களை அதிகாரபூர்வமாக அனுமதித்தது. ஒரு பொதி 50 கிலோவுக்கு மிகக் கூடாது. 1942-இல் மட்டும் 1 கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பொதிகள் அனுப்பப்பட்டன. முட்டையைச் செய்தித்தாளில் சுற்றித் தவிட்டில் புதைத்து அனுப்புவார்கள். கோடை வெயிலில் ரயில் தாமதமானால் பொதி வாடையோடு வந்து சேரும், அப்போதும் யாரும் அதைத் தூக்கி எறிவதில்லை.

பொதிக்கும் கள்ளச்சந்தைக்கும் இடையே கோடு மெல்லியது. அரசே அதை ஒப்புக்கொண்டது. கள்ளச்சந்தைக்குக் கடும் தண்டனை விதித்த 1942 மார்ச் 15 சட்டம், சொந்தத் தேவைக்கோ குடும்பத் தேவைக்கோ மட்டும் செய்த குற்றங்களை அதன் பிடியிலிருந்து விலக்கிவைத்தது. ஆக, தாய் சைக்கிளில் போய்ப் பண்ணையில் வாங்கிவரும் கால் கிலோ வெண்ணெய் ஒரு கணக்கு, அதே பண்ணையிலிருந்து லாரியில் போகும் வெண்ணெய் வேறு கணக்கு. நடைமுறையில் சோதனைச் சாவடிக் காவலர் பையைத் திறக்கும்போது இந்த வித்தியாசம் எப்போதும் துணைக்கு வராது. அதனால் குழந்தைகளை அனுப்பினார்கள். பள்ளிப் பையில் வெண்ணெய்க் கட்டி, தங்கையின் தள்ளுவண்டிக்கு அடியில் இறைச்சித் துண்டு. கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று வீட்டிலேயே ஒத்திகை நடக்கும். பொய் சொல்லாதே என்று வளர்த்த பெற்றோரே பொய்யைச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தத் தலைமுறையின் நினைவுக் குறிப்புகளில் இந்த முரண் திரும்பத் திரும்ப வருகிறது.

பெண்களுக்குப் புகையிலை அட்டை கிடையாது. ஆண்களுக்கு மட்டும் உண்டு. எனவே புகைக்காத கணவரின் அட்டை ஒரு சொத்து. சிகரெட்டைக் கொடுத்து வெண்ணெய் வாங்கலாம். கணவர் போர்க்கைதி முகாமில் இருந்த பெண்ணுக்கு அந்த வழியும் அடைபட்டிருந்தது. பெரிய அளவில் சம்பாதித்த வெண்ணெய், முட்டை, பாலாடைக்கட்டி வியாபாரிகளை மூன்று பொருள்களின் பிரெஞ்சு முதலெழுத்துகளைச் சேர்த்து மக்கள் ‘பொஃப்’ என்று இகழ்ந்தார்கள். ழான் துதூர் 1952-இல் எழுதிய ‘நல்ல வெண்ணெய்க் கடை’ என்ற நாவல் அப்படிப்பட்ட ஒரு பால்பண்டக் கடைக் குடும்பத்தைக் கேலி செய்வது. மார்செல் ஏமேயின் சிறுகதை ஒன்றை வைத்து 1956-இல் வந்த ‘பாரிஸைக் கடந்து’ படத்தில் ழான் கபேனும் பூர்வீலும் அறுத்த பன்றியைப் பெட்டிகளில் அடைத்து, விளக்கணைத்த நகரத்தின் வழியே சுமந்து போவார்கள். போர் முடிந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் பிரான்ஸ் இதைப் பற்றிச் சிரிக்கத் தொடங்கிவிட்டது. மற்றவற்றைப் பற்றிப் பேச இன்னும் பல காலம் ஆயிற்று.

வரிசையில் நிற்பது பெண்களின் வேலையாக இருந்தது, விடியுமுன்னே தொடங்கும். வரிசைகளில் கோபம் திரளும் என்று காவல்துறைக்குத் தெரியும். 1942 மே 31 அன்று பாரிஸின் பூசி தெருவில் ஒரு கடையில் அடுக்கியிருந்த டப்பா மீன்களைப் பெண்கள் எடுத்து வரிசையில் நின்றவர்களுக்கு வீசினார்கள். கம்யூனிஸ்ட் கட்சி திட்டமிட்ட அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர் பள்ளி ஆசிரியை மாட்லேன் மார்சேன். துப்பாக்கிச் சூட்டில் காவலர் இருவர் இறந்தார்கள்; பிடிபட்ட ஆண்கள் சிலர் பின்னர் கொல்லப்பட்டார்கள். வரிசையில் நிற்கவே முடியாதவர்களின் நிலைமை இன்னும் மோசம். மனநல மருத்துவமனைகளில் இருந்தவர்களுக்கு அட்டை அளவுக்கு மேல் ஒரு துண்டு ரொட்டியும் கிடைக்க வழியில்லை. அங்கே 40,000-க்கும் மேற்பட்டவர்கள் பசியாலும் அதன் விளைவுகளாலும் செத்தார்கள். சிற்பி கமீல் க்ளோதெல் 1943 அக்டோபர் 19-இல் அவிஞோன் அருகே மோந்தெவெர்க் காப்பகத்தில் இறந்தது அந்தப் பட்டினிக் காலத்தில்தான்.

பள்ளிகளில் சத்து மாத்திரைகளும் சத்து பிஸ்கட்டுகளும் கொடுத்தார்கள். உருளைச் செடியை அழிக்கும் கோடுபோட்ட வண்டுகளைப் பொறுக்க மாணவர்களை வயலுக்கு அழைத்துப் போனார்கள். அந்த வண்டின் பெயர் ‘தோரிஃபோர்’. ஊரார் உருளைக்கிழங்கை எல்லாம் தின்று தீர்த்த ஜெர்மானியச் சிப்பாய்களுக்கும் அதே பெயரை வைத்தார்கள். வகுப்பில் ஆசிரியர் வண்டைப் பற்றிப் பேசும்போது பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம், ஆபத்து குறைந்தது.

ஆபத்தான ரகசியங்களும் குழந்தைகளிடம் இருந்தன. யூதக் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பொய்ப் பெயரோடு பண்ணைகளிலும் கன்னிமாடங்களிலும் விடுதிகளிலும் ஒளிந்து வாழ்ந்தார்கள். புதுப் பெயரைக் கேட்டதும் திரும்பப் பழக வேண்டும், தேவாலயத்தில் மற்றவர்களோடு மண்டியிட வேண்டும், தட்டில் பன்றி இறைச்சி வைத்தால் முகம் மாறாமல் தின்ன வேண்டும். சாப்பாட்டு மேசையே காட்டிக்கொடுக்கும் இடமாக இருந்தது. ஷம்போன் சூர் லிஞோன் சுற்றுவட்டாரத்து ஊர்கள் இப்படிப் பலரைக் காப்பாற்றின. இஸியூ என்ற சிற்றூரின் குழந்தைகள் இல்லத்திலிருந்த 44 குழந்தைகள் 1944 ஏப்ரல் 6 அன்று பிடிபட்டார்கள்; அவர்களில் ஒருவரும் திரும்பவில்லை.

காட்டிக்கொடுக்கும் மொட்டைக் கடிதங்கள் ஜெர்மானிய அலுவலகங்களுக்கும் பிரெஞ்சுக் காவல்துறைக்கும் குவிந்தன. அரசியல் பகை கொஞ்சம், அண்டைவீட்டுச் சண்டை, சொத்துத் தகராறு, பக்கத்து வீட்டில் வெண்ணெய் மணக்கிறது என்ற பொறாமை நிறைய. ஹென்றி ஜார்ஜ் க்ளூஸோ 1943-இல் எடுத்த ‘காகம்’ என்ற படம் மொட்டைக் கடிதங்களால் சீரழியும் ஒரு சிற்றூரின் கதை. முதல் உலகப் போர்க் காலத்தையொட்டி துய்ல் நகரில் நடந்த பழைய வழக்கொன்றை அது தழுவியது. எனினும் பார்த்தவர்களுக்கு அது தங்கள் காலமாகவே தெரிந்தது. ஜெர்மானிய நிறுவனம் தயாரித்த படம் என்பதால் விடுதலைக்குப் பின் தடை விதித்தார்கள். ஊர்களுக்கு அந்தப் படம் சங்கடமாக இருந்ததும் தடைக்கு ஒரு காரணமாக இருந்திருக்கும்.

ஜெர்மானியச் சிப்பாய்களோடு உறவு கொண்டதாகக் குற்றம் சாட்டி, விடுதலைக் காலத்தில் சுமார் 20,000 பெண்களின் தலையைப் பொது இடத்தில் மழித்தார்கள். அப்படிப்பட்ட உறவுகளில் பிறந்த பிள்ளைகள் 1 லட்சத்துக்கு மேல் இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. தந்தை யார் என்பதைத் தாயும் சொல்லவில்லை, பாட்டியும் சொல்லவில்லை. பலர் அறுபது வயதுக்கு மேல்தான் தேடத் தொடங்கினார்கள். 2009-இல் ஜெர்மனி அவர்களுக்குத் தன் குடியுரிமையையும் பெற வழிசெய்தது.

இவ்வளவையும் பேசாமல் வைத்திருந்த வீடுகளில் எழுத்து வடிவில் எஞ்சியது பெரும்பாலும் சமையல் குறிப்பேடுதான். தாயிடமிருந்து மகளுக்குப் போகும் கையெழுத்து நோட்டு பிரெஞ்சுக் குடும்பங்களில் 19-ஆம் நூற்றாண்டிலேயே பரவலாகிவிட்ட வழக்கம். அரசியல் கடிதம் வைத்திருந்தால் சோதனையில் மாட்டிக்கொள்ளலாம், நாட்குறிப்பும் அப்படியே. மாவு, முட்டை, ஆப்பிள் என்று தொடங்கும் நோட்டை யாரும் புரட்டமாட்டார்கள். அதன் ஓரங்களில் ஊறுகாய் போட்ட தேதி, கடனாகக் கொடுத்த சர்க்கரை, யாரிடம் முட்டை வாங்கியது போன்றவை இருக்கும். கூர்ந்து படித்தால் முட்டையில்லாத கேக்கும் கொழுப்பில்லாத வறுவலும் எந்த ஆண்டில் நுழைந்தன, எப்போது மறைந்தன என்பது தெரியும்.

சமையல் குறிப்பு எழுதும் பழக்கம் முகாம்களுக்குள்ளும் போனது. ராவென்ஸ்ப்ரூக் போன்ற வதைமுகாம்களில் அடைபட்ட பிரெஞ்சுப் பெண்கள் இரவில் ஒருவருக்கொருவர் தங்கள் ஊர்ச் சமையலைச் சொல்லி, திருடிய காகிதத் துண்டுகளில் எழுதித் தைத்து வைத்தார்கள். வெண்ணெயும் பாலேடும் தாராளமாகக் கொட்டும் குறிப்புகள் அவை. அளவுகள்கூடப் பல நேரம் நிஜத்தை மிஞ்சும். பசித்தவர் எழுதிய குறிப்பில் சிக்கனம் இருக்காது. பிடிபட்டால் அடியும் சாவும் உண்டு என்பதால் இந்தக் குறிப்பேடுகளும் ரகசியமாகவே இருந்தன. திரும்பி வந்தவர்கள் அவற்றை வீட்டு அலமாரியில் வைத்தார்கள், பிள்ளைகளுக்குக் காட்டவில்லை. அவற்றில் பல, பல பத்தாண்டுகள் கழித்தே வெளியே தெரிந்தன.

விடுதலையோடு பசி முடியவில்லை. 1945 நவம்பரில், தேர்தலையொட்டிய பரபரப்பில், ரொட்டிக்கு அட்டை நீங்கியது. 1946 ஜனவரி 1-இல் அது திரும்பி வந்தது. 1947-இல் ரொட்டி அளவு நாளுக்கு 200 கிராம் என்று ஆக்கிரமிப்புக் காலத்தைவிடத் தாழ்ந்தது. அட்டைமுறை 1949-இல்தான் ஒழிந்தது. சட்டவிரோத லாபங்களைப் பறிமுதல் செய்ய 1944 அக்டோபரிலிருந்தே குழுக்கள் இயங்கின. வெண்ணெய் வியாபாரிகள் கணக்கோடு வந்து நின்றார்கள். ருத்தபகாவையும் தோப்பினாம்பூரையும் அந்தத் தலைமுறை பிறகு தொடவில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டு சந்தையில் காணாமல் போயிருந்த அவை ‘மறந்துபோன காய்கறிகள்’ என்ற பெயரில் நாகரிக உணவகங்களுக்குத் திரும்பியபோது, பேரன்கள் விரும்பிச் சாப்பிட்டார்கள், பாட்டிமார் தட்டைத் தள்ளிவைத்தார்கள்.

பேச்சும் மெதுவாகவே திறந்தது. மார்செல் ஓஃபுல்ஸ் 1969-இல் எடுத்த ‘துயரமும் இரக்கமும்’ என்ற ஆவணப்படம் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் வர 1981 ஆயிற்று. அமெரிக்க வரலாற்றாசிரியர் ராபர்ட் பாக்ஸ்டன் விஷி அரசைப் பற்றி 1972-இல் எழுதிய நூல் மறுவருடமே பிரெஞ்சில் வந்து சூடான விவாதத்தைக் கிளப்பியது. யூதர்களை நாடுகடத்தியதில் பிரெஞ்சு அரசின் பொறுப்பைக் குடியரசுத் தலைவர் ழாக் ஷிராக் 1995 ஜூலை 16-இல் ஒப்புக்கொண்டார். அக்காலக் காவல்துறை, நீதிமன்ற ஆவணங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு விரிவாகத் திறக்கும் ஆணை 2015 டிசம்பரில் வந்தது.

இந்தத் திறப்புகளுக்கு நடுவே வந்த நாவல் ஜோவான் ஹாரிஸின் ‘ஃபைவ் குவார்ட்டர்ஸ் ஆஃப் தி ஆரஞ்ச்’ (2001). ஆங்கிலேயத் தந்தைக்கும் பிரெஞ்சுத் தாய்க்கும் 1964-இல் யார்க்‌ஷயரில் பிறந்த ஹாரிஸ், ‘சாக்லெட்’ நாவலால் ஏற்கெனவே புகழ்பெற்றிருந்தார். கதை நடப்பது ஆன்ஜே நகருக்கு அருகில், லுவார் ஆற்றங்கரையில், கற்பனை ஊரான லே லாவெஸில். கணவனை இழந்து பழத்தோட்டம் நடத்தும் தாய் மிராபெல், பிள்ளைகளுக்குப் பழங்களின் பெயரையே வைக்கிறாள்: கஸ்ஸீஸ், ரேன்-க்ளோத், ஃப்ராம்புவாஸ். சாக்லேட்டுக்கும் பத்திரிகைகளுக்கும் ஆசைப்பட்டு அவர்கள் ஜெர்மானியச் சிப்பாய் ஒருவனிடம் ஊர்ச் செய்திகளைச் சொல்கிறார்கள். ஆரஞ்சு மணம் பட்டாலே தாய்க்குத் தலைவலி வந்துவிடும். அதை அறிந்த கடைக்குட்டி அந்த மணத்தையே ஆயுதமாக்குகிறாள். பல ஆண்டுகள் கழித்து, வேறு பெயரில் ஊர் திரும்பி உணவகம் நடத்தும் அதே பெண்ணிடம் தாயின் குறிப்பேடு இருக்கிறது. சமையல் குறிப்புகளுக்கு இடையே சங்கேத மொழியில் எழுதிய வரிகள் அதில் உண்டு.

ஆன்ஜே இந்தக் கதைக்குப் பொருத்தமான களம். ஆரஞ்சுத் தோலிலிருந்து மதுவகை செய்யும் குவான்ட்ரோ நிறுவனம் 1849-இல் தோன்றியது அங்கேதான். 1939 இறுதி முதல் 1940 ஜூன் வரை போலந்தின் நாடுகடந்த அரசு அந்நகரின் விளிம்பில் தங்கியிருந்தது. 1942 ஜூலை 20 அன்று, வழக்கமான திரான்ஸி முகாம் வழியாக அல்லாமல் ஆன்ஜேயிலிருந்தே நேராக ஆஷ்விட்சுக்கு ஒரு ரயில் யூதர்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. நகரம் 1944 ஆகஸ்ட் 10-இல் விடுதலை பெற்றது. இந்தப் பெரிய சம்பவங்களை நாவல் பெரும்பாலும் தொடுவதில்லை. ஒரு சிற்றூரின் சிறுபிள்ளை அளவுக்கே போரைச் சுருக்கிக்கொள்கிறது. வரலாற்றைத் தேடிப் படிப்பவருக்கு அது குறை. ஆனால் ஒன்பது வயதுப் பெண் எதைப் பெரிதாக நினைப்பாள் என்பதில் அது பிசகவில்லை: பிடிபடாத ஒரு பைக் மீனோ, ஒரு சுளை ஆரஞ்சோ.

சமையல் பக்கத்தில்தான் சற்று எச்சரிக்கை தேவை. வெண்ணெயும் பாலேடும் பழமதுவும் நிறைந்த மிராபெலின் குறிப்புகள் பெரும்பாலும் போருக்கு முந்திய லுவார்க் கரையின் சமையல். லுவார் ஆற்றின் பைக் மீனுக்கு ஊற்றும் வெள்ளை வெண்ணெய்ச் சாறு அந்தப் பகுதியின் பெருமை. 1942-இல் நகரத்துச் சமையற்காரி யாரும் அதை எண்ணிப் பார்த்திருக்க முடியாது. சொந்த ஆடும் கோழியும் தோட்டமும் உள்ள பண்ணையில் கதையை வைத்ததால் ஹாரிஸ் இந்தச் சிக்கலிலிருந்து தப்பிக்கிறார். அதே காரணத்தால் ருத்தபகா தின்ற பெரும்பான்மையின் சமையல் அந்த நோட்டுக்குள் வரவில்லை. 2002-இல் அவர் ஃப்ரான் வார்டோடு சேர்ந்து ‘தி ஃப்ரெஞ்ச் கிச்சன்’ என்ற சமையல் நூலை வெளியிட்டார்.